'லாமேன்' பார்ப்பவர்களுக்குச் சில சந்தேகங்கள்: ஜானி மெக்கேயின் வயது, துப்பாக்கி வேகம், பகலில் எடுத்த ராத்திரி

ராக்கோழி:

'லாமேன்' முதல் சீசனை முடித்து இரண்டாவதில் பாதி வந்தாயிற்று. தெரியாதவர்களுக்கு: இது பழைய அமெரிக்க வெஸ்டர்ன் (குதிரை, துப்பாக்கிக் கதை) டிவி தொடர். 1870-களின் கடைசி, வயோமிங் பிரதேசத்தில் லாரமி என்ற ஊர். சிரிப்பு என்ன விலை என்று கேட்கும் மார்ஷல் (ஊர்க்காவல் தலைவர்) டான் ட்ரூப்பாக ஜான் ரஸ்ஸல். அவருக்குக் கீழே இளவட்ட டெபுடி (உதவியாள்) ஜானி மெக்கேயாகப் பீட்டர் பிரவுன். வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, கறுப்பு வெள்ளை. 1958 அக்டோபர் 5-இல் ஏபிசி சேனலில் தொடங்கி 1962 வரை 156 எபிசோடு.

கதை பிடித்துப்போய்தான் பார்க்கிறேன். ஆனாலும் சில விஷயம் உறுத்துகிறது. மீசை கூடச் சரியாக முளைக்காத பையனிடம் ஊர்க்காவலைக் கொடுப்பார்களா, இல்லை இளவட்ட ரசிகர்களுக்காக டிவிக்காரர்கள் செருகியதா? மார்ஷல், ஷெரீப், அமெரிக்க மார்ஷல் என்று மூன்று பேர் வருகிறார்களே, யார் யாருக்கு மேலே? ஜானி துப்பாக்கி உருவும் வேகம் நிஜமா, ஃபிலிமை வேகமாக ஓட்டியதா? ராத்திரிக் காட்சியில் குதிரை நிழல் கரிக்கோடு மாதிரி தரையில் விழுகிறதே, அது எந்த ஊர் நிலா? சில கதைகளை இதே கம்பெனியின் வேறு தொடரில் பார்த்த மாதிரியும் இருக்கிறது. கடைசியாக, என் டிவியில் எல்லார் தொப்பியும் பாதி வெட்டுப்படுகிறது. ஃபைல் கோளாறா, செட்டிங் கோளாறா?

"டிவி என்றால் அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடிக்காமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு:

வயது விஷயத்தில் தொடர் பொய் சொல்லவில்லை. முதல் எபிசோடே அந்தக் கேள்விதானே. முந்தைய மார்ஷலைச் சுட்டுக் கொன்ற ஊருக்கு ட்ரூப் வருகிறார், டெபுடி தேடுகிறார், ஜானி முன்வருகிறான், "சின்னப் பையன், வேண்டாம்" என்கிறார். எதிரே ஜாக் ஈலம், லீ வான் க்ளீஃப், எட் பைர்ன்ஸ் மூவரும் ஹாக்ஸ் சகோதரர்களாக நிற்கும்போது அந்தப் பையன்தான் துணைக்கு வருகிறான், பேட்ஜும் வாங்குகிறான். அந்த எபிசோடு ஒளிபரப்பான அன்று பீட்டர் பிரவுனுக்குச் சரியாக 23-வது பிறந்தநாள்.

நிஜத்தில் கன்சாஸின் டாட்ஜ் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1878 தொடக்கத்தில் அந்த ஊரின் மார்ஷல் எட் மாஸ்டர்சன், வயது 25. ஊர் அடங்கிய ஃபோர்டு கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) ஷெரீப் அவர் தம்பி பேட் மாஸ்டர்சன், வயது 24. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இந்த அண்ணன் தம்பியே பதில். டவுன் மார்ஷல் என்பவர் ஊர்ச் சபையின் ஆள். சம்பளம் ஊர்ப் பணம், அதிகாரம் ஊர் எல்லை வரை. ஷெரீப் கவுண்டி முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். வாரண்டு கொடுப்பது, கவுண்டிச் சிறையைப் பார்த்துக்கொள்வது, துரத்திப் பிடிக்க ஊர் ஆண்களைக் கூட்டிக் 'பாஸி' அமைப்பது எல்லாம் அவர் வேலை. அமெரிக்க மார்ஷலை நியமிப்பவர் ஜனாதிபதி; அவர் ஆட்கள் தபால் கொள்ளை, கள்ள நோட்டு, ராணுவச் சொத்துத் திருட்டு போன்ற மத்தியச் சட்டக் குற்றங்களுக்குத்தான். அந்த டெபுடிகளுக்கு 1896 வரை மாதச் சம்பளமே கிடையாது, கொடுத்த வாரண்டுக்கும் போன மைலுக்கும் கணக்குப் போட்டுக் கூலி. ஆக, யாரும் யாருக்கும் மேலே இல்லை. மூன்று தனித்தனி மரம்.

டான் ட்ரூப் ஊருக்கு வெளியே மைல் கணக்கில் குதிரையை விரட்டிக்கொண்டு போகும்போது சட்டப்படி இடிப்பது இங்கேதான். அன்றைய வழி, இரண்டு பேட்ஜ் வைத்துக்கொள்வது. விர்ஜில் இயர்ப் 1881-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் ஊர்ப் போலீஸ் தலைவராகவும் அமெரிக்க டெபுடி மார்ஷலாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். ட்ரூப்பிடமும் அப்படி ஒரு ஆணை சட்டைப்பையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், உறுத்தாது.

டிவி மறைப்பது வேறு இடத்தில். விர்ஜிலின் தம்பி வயட் இயர்ப் டாட்ஜ் சிட்டியில் அசிஸ்டன்ட் மார்ஷலாக இருந்தபோது மாதம் 75 டாலர், அதோடு தண்டனையில் முடிந்த கைதுக்கு 2 டாலர். ஆளைச் சுட்டுவிட்டால் அந்த 2 டாலர் வராது! அதனால் குடித்துவிட்டு ஆடுபவனைச் சுடுவதில்லை. கைத்துப்பாக்கிக் குழலால் மண்டையில் ஒரு போடு, இழுத்துக்கொண்டு போய் அடைப்பு. மற்ற நேரமெல்லாம் லைசென்ஸ் காசு வசூல், தெருநாய் ஒழிப்பு, உடைந்த நடைபாதைப் பலகை. ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் அபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்டுவெல் ஆகிய ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களை 1870 முதல் 1885 வரை எண்ணிப் பார்த்தார். மொத்தக் கொலை 45. 'லாமேன்' ஒரு சீசனிலேயே அதை நெருங்கிவிடும் போலிருக்கிறது.

இளம் அதிகாரி எப்படிச் செத்தார் என்பதற்கும் எட் மாஸ்டர்சனே உதாரணம். 1878 ஏப்ரல் 9 இரவு, குடித்திருந்த ஜாக் வாக்னர் என்ற மாட்டுக்காரனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, அவனுடைய மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி மறுபடி வாக்னர் இடுப்பில். மறுபடி பிடுங்கப் போனபோது வயிற்றில் குண்டு. குழல் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் சட்டையே தீப்பற்றியது. டான் ட்ரூப் ஜானியை எதற்கெடுத்தாலும் கடிந்துகொள்கிறார் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பிடுங்கிய துப்பாக்கியை யாரிடம் கொடுப்பது என்ற ஒரே ஒரு தப்புக்கு எட் கொடுத்த விலை அது. அந்தக் கடிதல் எழுத்தாளர்கள் சரியாகப் பிடித்த இடம்.

லாரமி பற்றி ஒரு துணுக்கு. வயோமிங் 1869 டிசம்பரிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த பிரதேசம். 1870 மார்ச்சில் லாரமியில் பெண்கள் ஜூரியிலும் உட்கார்ந்தார்கள்; அடுத்த ஆண்டே அது நின்றுபோனது. ஆகவே 1879-இல் ஜூரி முழுக்க ஆண்கள் என்றால் சரி. ஆனால் இரண்டாவது சீசனில் பேர்ட்கேஜ் சலூனுக்கு வரும் லில்லி மெரிலுக்கு ஓட்டு உண்டு, இதை நினைவில் வைத்துக்கொண்டு சலூன் காட்சிகளைப் பாருங்கள்.

ஆறுதோட்டா:

வேகம் நிஜம். ஆனால் அது 1950-களின் நிஜம், 1870-களுடையது இல்லை.

துப்பாக்கி கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, 1873 மாடல். 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்றால் விசையை இழுத்தால் மட்டும் சுடாது; ஒவ்வொரு முறையும் மேலே உள்ள சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் நான்கு 'க்ளிக்' கேட்கும். குழல் நீளம் 4¾, 5½, 7½ அங்குலம் என்று மூன்று அளவில் வந்தது. வேகமாக உருவ நினைப்பவர் குட்டைக் குழலைத்தான் எடுப்பார், ஏனென்றால் உறையைவிட்டு வெளியே வர வேண்டிய தூரம் அவ்வளவு குறையும்.

ரகசியம் உறையில் இருக்கிறது. ஆர்வோ ஓஜாலா என்பவர் இரண்டு தோல் அடுக்குக்கு நடுவே இரும்புத் தகடு வைத்து ஓர் உறை செய்தார். வேறொரு புகழ்பெற்ற வெஸ்டர்ன் தொடரின் தொடக்கக் காட்சியில் தெருவில் எதிரே நின்று சுடப்படுபவர் அவர்தான், நடிகர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். சாதாரணத் தோல் உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே இருக்கும்போது சிலிண்டர் (தோட்டா வைக்கும் உருளை) சுழலாது, சிலிண்டர் சுழலாவிட்டால் சுத்தி பின்னே வராது. தகடு வைத்தால் உறை உப்பி நிற்கும், சிலிண்டர் உள்ளேயே சுழலும். அப்புறம் வரிசை இதுதான்: கை கீழே போகும்போதே கட்டைவிரல் சுத்தியில் விழுகிறது, துப்பாக்கி மேலேறுவதற்கு முன்பே சுத்தி முழுக்கப் பின்னே வந்துவிடுகிறது, குழல் வாய் உறையைத் தாண்டியதும் மணிக்கட்டை முன்னே சாய்த்து இடுப்பு உயரத்திலேயே விசை. கையை நீட்டுவதில்லை, கண்ணால் குறி பார்ப்பதும் இல்லை. பீட்டர் பிரவுன் இதில் ஹாலிவுட்டின் வேகமான கைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியவர்.

கோளாறு எங்கே வரும்? விரல் சுத்தியில் வழுக்கினாலோ, குழல் வெளியே வருவதற்குள் விசையில் விரல் பட்டாலோ, உறைக்குள்ளேயே வெடிக்கும். வெற்றுத்தோட்டாவானால் (மருந்து உண்டு, குண்டு இல்லை) தொடையில் தீக்காயம். 1950-களின் கடைசியில் டிவியைப் பார்த்து நிஜத் தோட்டாவோடு பழகியவர்கள் தங்கள் காலையே சுட்டுக்கொண்டார்கள். அதனால்தான் இன்றைய ஃபாஸ்ட் டிரா (வேகமாக உருவிச் சுடும்) போட்டிகளில் நிஜத் தோட்டா கிடையாது. வெறும் மருந்து, இல்லையென்றால் மெழுகுக் குண்டு.

நிஜ 1870-களில் உறை இடுப்பு உயரத்தில், கச்சையோடு ஒட்டி, துப்பாக்கியை முக்கால்வாசி விழுங்கியபடி இருக்கும். குதிரை மேல் போகும்போது விழாமல் இருப்பதுதான் அதன் வேலை. தொடையில் தாழத் தொங்கவிட்டு வாரால் கட்டுவதெல்லாம் படக்காரர்கள் கண்டுபிடிப்பு.

ஃபிலிமை வேகமாக ஓட்டியிருக்கிறார்களா என்று நீங்களே சோதிக்கலாம். வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் சுமார் 0.04 வினாடி. கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் வி.எல்.சி.-யில் ஆங்கில 'E' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். கை அசையத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து புகை வரும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 6 வந்தால் கால் வினாடி, நல்ல கைக்கு அது முடியும். 2 அல்லது 3 வந்தால் இடையில் வெட்டு இருக்கும், பெரும்பாலும் முகத்துக்குக் குளோசப் போய்த் திரும்பும்போது. கேமராவை மெதுவாக ஓட்டி எடுத்திருந்தால் கை மட்டும் வேகமாகாது. பின்னால் பறக்கும் தூசி, ஆடும் கோட்டு வால், குதிரையின் காது எல்லாமே சேர்ந்து துடிக்கும். முதலில் தூசியைப் பாருங்கள்.

தோட்டா எண்ணுபவர்களுக்கு இன்னொன்று. ஆறு அறை இருந்தாலும் விவரம் தெரிந்தவன் ஐந்துதான் போடுவான். சுத்தி தோட்டாவின் மேலேயே படுத்திருந்தால், துப்பாக்கி கீழே விழுந்த அடியில் வெடித்துவிடும். நிரப்பும் முறை: சுத்தியைப் பாதி இழுத்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, சுத்தியை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. சரியாகக் காலி அறைமேல் வந்து உட்காரும். காலித் தோட்டாவை எடுப்பதும் ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்த ஆள் இரண்டு வினாடியில் எழுந்து மறுபடி ஆறு தடவை சுட்டால், அங்கே சிரிக்கலாம்.

உள்ளங்கையால் சுத்தியைப் படபடவென்று தட்டிச் சுடுவது பார்க்க ஜோர். சிலிண்டரை நிறுத்தும் கொக்கியையும் அது விழும் பள்ளத்தையும் அது தேய்த்துவிடும். பிறகு சிலிண்டர் நேராக நிற்காமல் குண்டு குழலின் விளிம்பில் மோதும். துப்பாக்கியை நம்பிப் பிழைக்கிறவன் செய்கிற காரியம் இல்லை அது.

படப்பிடிப்புத் தோட்டாவுக்கு 'ஃபைவ் இன் ஒன்' என்று பெயர். .38-40, .44-40, .45 கோல்ட் என்ற தோட்டா வகைகளுக்கான ரிவால்வர்கள் மூன்றிலும், .38-40, .44-40 ரைபிள்கள் இரண்டிலும் ஒரே வெற்றுத்தோட்டா பொருந்தும். ஒரே டப்பாவில் எல்லாத் துப்பாக்கியும் சமாளித்துவிடலாம் என்பதால் ஸ்டூடியோக்கள் இதையே வாங்கின. இதன் பக்கவிளைவுதான் 1870-களில் நடக்கும் வெஸ்டர்ன் கதைகள் பலவற்றில் 1892 மாடல் வின்செஸ்டர் ரைபிள் தலைகாட்டுவது. கண்டுபிடிப்பது சுலபம்: 1873 மாடலின் பக்கவாட்டில் தனித் தகடு பொருத்திய கோடு தெரியும், மேலே நகரும் மூடி இருக்கும், 1892-க்குப் பக்கம் வழுவழுவென்று இருக்கும்.

தொப்பிக்காரி:

ஆறுதோட்டா சார், புகையை விட்டுவிட்டீர்களே. 1879-இல் புகையில்லா மருந்து வரவில்லை. எல்லாம் கருமருந்து. மூடிய சலூனுக்குள் நான்கு குண்டு போனால் வெள்ளைப் புகை மண்டி, ஐந்தாவதுக்கு எதிராளியே தெரியமாட்டான். எட் மாஸ்டர்சன் சட்டை பற்றியதும் அந்த மருந்தின் தீப்பொறியால்தான். தொடரில் சுட்ட அடுத்த நொடியே இரண்டு முகமும் பளிச்சென்று தெரிகிறது.

ஆறுதோட்டா:

சரிதான் அம்மா, விட்டுப்போயிற்று. வெற்றுத்தோட்டாவில் கால், அரை, முழு என்று மருந்து அளவு உண்டு. உள் அரங்கில் கால் அளவே போதும். காதும் பிழைக்கும், புகையும் குறையும், கேமராவுக்கு முகமும் தெரியும். முழு அளவெல்லாம் வெளிப்புறத்துக்கு. குண்டு இல்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம்: அடைப்பும் வாயுவும் கிட்டத்தில் குண்டு மாதிரியே அடிக்கும். 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத்தோட்டா போட்ட துப்பாக்கியைத் தன் தலையில் வைத்து விளையாட்டாகச் சுட்டு இறந்தார். எதிரே இருப்பவரை நேராகக் குறி பார்க்காமல் கொஞ்சம் தள்ளிக் குறி பார்ப்பதும், அது தெரியாத கோணத்தில் கேமரா வைப்பதும் இதற்காகத்தான்.

ரீல்பெட்டி:

அந்த நிலா சூரியன்தான். பட்டப்பகலில் எடுத்து ராத்திரி ஆக்குவது.

கறுப்பு வெள்ளையில் செய்முறை இப்படி: லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்தால் நீல வானம் கறுக்கும். ஆனால் சிவப்பு மட்டும் என்றால் முகமும் உதடும் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். அதனால் 23ஏ என்ற வெளிர் சிவப்புக் கண்ணாடியும் 56 என்ற பச்சைக் கண்ணாடியும் சேர்த்து வைப்பது வழக்கம். வானம் கறுக்கும், முகம் பிழைக்கும். அதோடு, வேண்டிய ஒளியில் ஒன்றரை முதல் இரண்டரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைத்து எடுப்பார்கள். சூரியன் நடிகருக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். தொப்பி விளிம்பிலும் தோளிலும் ஒரு வெள்ளிக்கோடு விழுந்தால் அது நிலவொளி. முகத்துக்கு நேரே வெயில் அடித்தால் எவ்வளவு இருட்டினாலும் மத்தியானம் மத்தியானம்தான்.

கெட்டுப்போகும் இடங்கள்: மேகம் மூடிய வெள்ளை வானத்தைச் சிவப்புக் கண்ணாடி கறுக்காது, ஆகவே வானம் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம். நிழல் கூர்மையாக விழும். உங்கள் குதிரை அதுதான். ஜன்னலுக்குள் விளக்கு எரிய வேண்டும் என்றால், குறைத்து எடுப்பதையும் மீறித் தெரிய, உள்ளே மிகப் பெரிய விளக்கு வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத நாளில் ராத்திரி ஊர் முழுக்க ஜன்னல்கள் இருட்டாகக் கிடக்கும். அரை மணித் தொடரில் நேரம்தான் பணம். உண்மையான ராத்திரியில் தெரு முழுக்க விளக்குப் போட்டு, ஆட்களுக்கு இரவுக் கூலி கொடுப்பதற்கு இரண்டு கண்ணாடித் துண்டு மலிவு.

தெருவும் அப்படியே. பர்பாங்கில் வார்னர் ஸ்டூடியோவின் பின்பக்கம் 'லாரமி ஸ்ட்ரீட்' என்றே பெயர் வைத்த செட். வார்னரின் மற்ற வெஸ்டர்ன்களுக்கும் அதே தெரு, பெயர்ப்பலகை மட்டும் மாறும். 2000-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டுக் குடியிருப்புத் தெரு மாதிரி வேறு செட் கட்டிவிட்டார்கள். நிஜ லாரமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,200 அடி உயரத்தில் மரமில்லாத மேட்டுச் சமவெளி, யூனியன் பசிபிக் ரயில் வந்ததால் 1868-இல் பிறந்த ஊர். பனி செப்டம்பரிலேயே தொடங்கி மே வரை விழும். தொடரில் யாருக்கும் வாயில் ஆவி வருவதில்லை, ஊரைத் தாண்டினால் தெரிவது தெற்குக் கலிஃபோர்னியாவின் புதர்க்காடு. மாட்டு மந்தை மிரண்டு ஓடுவது, பெரிய குதிரைப்படை என்று திடீரெனப் பிரமாண்டம் வந்தால், வார்னர் தொடர்களில் அது கம்பெனியின் பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டாக இருக்கும். மணல் மணியாகத் துகள் கூடும், வானத்தின் சாம்பல் சாயல் மாறும், கதாநாயகன் அந்த ஷாட்டில் இருக்கமாட்டான்.

கதை திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 1960 ஜனவரியில் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏறக்குறைய 5 மாதம் நீண்டது. வார்னர் கைகட்டி உட்காரவில்லை. ஒரு தொடரின் பழைய கதையை எடுத்து, துப்பறிவாளனை மார்ஷலாகவோ, மார்ஷலைச் சூதாடியாகவோ மாற்றி, வேறு தொடரில் எடுத்தது. எழுதியவர் இடத்தில் 'டபிள்யூ. ஹெர்மனோஸ்' என்று ஒரு பெயர் வரும். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஹெர்மனோஸ் என்றால் ஸ்பானிஷ் மொழியில் சகோதரர்கள், 'டபிள்யூ' வார்னர். அந்தப் பெயரைக் கண்டால் கதையை எங்கோ கேட்ட மாதிரி இருப்பதில் வியப்பில்லை. இதே வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி 'மேவரிக்' தொடரின் நாயகன் ஜேம்ஸ் கார்னருக்குச் சம்பளத்தை நிறுத்தியதும் வார்னர்தான். அவர் வழக்குப் போட்டு ஜெயித்து வெளியேறினார்.

நாலுக்குமூணு:

தொப்பி வெட்டுப்படுவது முக்கால்வாசி டிவி செட்டிங்தான்.

தொடர் எடுத்தது 4:3 வடிவத்தில். உங்கள் டிவி 16:9. சரியாகக் காட்டினால் இரண்டு பக்கமும் திரையின் எட்டில் ஒரு பங்கு கறுப்பாக இருக்க வேண்டும். அந்தக் கறுப்பைப் பொறுக்காமல் 'ஜூம்' வைத்தால் அகலம் நிரம்பும், உயரத்தில் கால் பங்கு போய்விடும்: மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று. மேலே இருப்பது தொப்பி, கீழே இருப்பது துப்பாக்கி. வெஸ்டர்னில் மிச்சம் என்ன இருக்கிறது? 'ஸ்ட்ரெச்' வைத்தால் எதுவும் வெட்டுப்படாது, ஆனால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். ஆறடி நாலங்குல ஜான் ரஸ்ஸல் அரிசிமூட்டை மாதிரி ஆகிவிடுவார்.

செய்ய வேண்டியது: படவடிவத்தை 'ஒரிஜினல்' அல்லது '4:3'-இல் வையுங்கள். பிறகு 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் சில சதவீதத்தை டிவி தானாக விழுங்கும். அப்படியும் தொப்பி வெட்டுப்பட்டால் ஃபைலையே யாரோ வெட்டி 16:9 ஆக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஃபைலின் அளவைப் பாருங்கள். 640-க்கு 480 என்றால் 4:3. 1920-க்கு 1080 என்று இருந்து பக்கத்தில் கறுப்பும் இல்லை என்றால் வெட்டிய பிரதி. அதற்கு மருந்து கிடையாது, வேறு பிரதி தேட வேண்டியதுதான். வார்னர் ஆர்கைவ் டிவிடி சரியான வடிவத்தில் இருக்கிறது.

கூடவே நான்கு விஷயம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; 24 ஃபிரேம் படத்தை அது நேற்று எடுத்த மெகாசீரியல் மாதிரி ஆக்கும், துப்பாக்கி உருவும் இடத்தில் கையைச் சுற்றி நுரை மாதிரி கலங்கும். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்'டையும் அணையுங்கள். ரீல்பெட்டி சொன்ன பகல்ராத்திரிக் காட்சிகளில் இருட்டை இன்னும் இருட்டாக்கி ஆளையே மறைத்துவிடும். வண்ண வெப்பம் 'வார்ம்'. கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூத்துத் தெரிந்தால் 'கூல்' வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரைச்சல் குறைப்பு வேண்டாம், ஃபிலிம் துகளோடு முகச்சுருக்கமும் போய்விடும்.

நேரத்தையும் பாருங்கள். முழு எபிசோடு 25 நிமிடத்தைத் தாண்டும். 21, 22 என்று காட்டினால் சேனலுக்காக விளம்பர இடம் வெட்டிய பிரதி; முதலில் போவது ட்ரூப்பும் ஜானியும் ஆபீசில் காபி குடித்துக்கொண்டே பேசும் காட்சிகள்தான். சரியாக ஒரு நிமிடம் மட்டும் குறைந்து, குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தால் 25 ஃபிரேமில் ஓட்டிய ஐரோப்பியப் பிரதி. அதில் ஃபிரேம் எண்ணும்போது ஒரு ஃபிரேமை 0.04 என்றே எடுத்துக்கொண்டால், கிடைக்கிற வேகம் நிஜத்தைவிட 4 சதவீதம் கூடுதல்.

ராக்கோழி:

ஜூம்தான். மாற்றியதும் தொப்பி வந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: லில்லி வந்ததிலிருந்து தொடர் மந்தமாகிறது என்று பல இடத்தில் படித்தேன். அப்படியா? முடித்தபின் ஜான் ரஸ்ஸல், பீட்டர் பிரவுன் இருவரையும் வேறு எதில் பார்க்கலாம்?

தொப்பிக்காரி:

மந்தம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. முதல் சீசனில் ப்ளூ பானெட் காபிக் கடைக்காரி ட்ரூ லெம்ப் (பெக் நெல்சன்) இருந்தாள். நல்ல பாத்திரம், ஆனால் கதையில் அவளுக்கு வேலை குறைவு: காபி ஊற்றுவாள், கவலைப்படுவாள். லில்லியாக வந்த பெக்கி காசில் சலூன் முதலாளி. மார்ஷலின் சட்டத்தோடு தொழில் நிமித்தமாகவே மோத வேண்டியவள். ட்ரூப்பிடம் எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடைக்கிறது. ஜானி பேசினால் அது கீழ்ப்படியாமை, லில்லி பேசினால் வாதம். அரை மணிக் கதைக்கு இந்த மூன்று முனை ரொம்ப உதவி. நட்டம் என்னவென்றால் லில்லி காட்சிகளுக்கு ஒதுக்கிய நிமிடங்கள் ஜானிக்குப் பாடம் சொல்லும் காட்சிகளிலிருந்து போனவை. எனக்கு முதல் சீசனின் முதல் பாதியும், பிறகு ஜானியைத் தனியாக ஊரில் விட்டுவிட்டு ட்ரூப் வெளியூர் போகும் எபிசோடுகளும்தான் மேல். பையன் கற்றானா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

எல்லைக்கோடு:

பீட்டர் பிரவுன் வேண்டுமானால் 'லாரெடோ'. என்பிசி, 1965 முதல் 1967, கலர், 56 எபிசோடு. டெக்சஸ் ரேஞ்சர் (அந்த மாநிலத்தின் காவல் படை ஆள்) சாட் கூப்பராக வருகிறார். நெவில் பிராண்டு, வில்லியம் ஸ்மித் கூட்டாளிகள், ஃபிலிப் கேரி கேப்டன். 'லாமேன்' கண்டிப்பான வாத்தியார் என்றால் இது கடைசி பெஞ்சு. ஒருவர் காலை ஒருவர் வாருவதே பாதிக் கதை. பேட்ஜைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அந்தக் காலத்து ரேஞ்சருக்கு அரசு பேட்ஜ் கொடுக்கவில்லை, சட்டைப்பையில் இருந்த ஆணைத்தாள்தான் அத்தாட்சி. குதிரையும் அவர்கள் சொந்தக் குதிரை.

ஜான் ரஸ்ஸலுக்கு இரண்டு. 1959-இல் வந்த 'ரியோ பிராவோ'வில் ஷெரீப்பை முற்றுகையிடும் பணக்காரப் பண்ணையார் நேதன் பர்டெட் இவர்தான். 1985-இல் வந்த 'பேல் ரைடர்' படத்தில் ஸ்டாக்பர்ன் என்ற மார்ஷல்: காசுக்கு ஆள் கொல்பவர், பின்னால் ஒரே மாதிரி நீளக் கோட்டு போட்ட ஆறு டெபுடிகள். ட்ரூப்பின் அதே விறைப்பு, அதே குரல், பேட்ஜும் உண்டு. அதை 'லாமேன்' நான்கு சீசனும் முடித்த பிறகே பாருங்கள். முன்னால் பார்த்துவிட்டால் ட்ரூப் தெருவில் இறங்கும்போதெல்லாம் ஜானிக்காகப் பயமாக இருக்கும்.